சேர்வலாற்றுச் சரிவில் லூசி இறங்கிய கதை

பாளையங்கோட்டையில் லூசி வேலை பார்க்கும் ரேஷன் கடையில் சீனி எடை குறைகிறது என்று இதுவரை ஒரே ஒரு ஆள்தான் சொல்லியிருக்கிறார். அவரைத் தராசு முன்னால் நிற்க வைத்து, அந்தப் பொட்டலத்தை மூன்று தடவை போட்டுக் காட்டி, மூன்று தடவையும் அவர் வாயாலேயே எடையைப் படிக்க வைத்துத்தான் அனுப்பினாள். பதினேழு வருஷமாக அங்கே எடையாளர். வயது நாற்பத்து நான்கு. கைரேகை விழாத கிழவர்களுக்காக மெஷினோடு மல்லுக்கட்டுவாள். வரிசையில் இடையில் புகும் ஆளோடு அதைவிட அதிகமாக மல்லுக்கட்டுவாள். இந்த லூசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு விமானம் ஓட்டுகிறாள் என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் கிடையாது. நம்பாவிட்டால் போகட்டும், அவள் ஓட்டினாள்.

கடைக்கு அடுத்த தெருவில் ஜாபேஸ் என்பவரின் கம்ப்யூட்டர் சென்டர். கீழே ஜெராக்ஸ், ஆதார் திருத்தம். மாடியில் மூன்று பெரிய திரை, விமானத்தில் இருப்பது போலவே கைக்கு ஒரு பிடி, காலுக்கு இரண்டு மிதி. சிமுலேட்டர் என்பார்கள். ஞாயிறுதோறும் ஆறு ஆண்கள் ஆளுக்கு ஒரு மணி நேரம் அதில் உட்காருவார்கள். சும்மா வானத்தில் சுற்றுகிற ஆட்கள் இல்லை. மலைக்குள் நுழைவது, கட்டாந்தரையில் இறங்குவது, குண்டும் குழியுமான சரிவிலிருந்து கிளம்புவது என்று காட்டு விமானிகள் செய்கிற வேலைகளைத்தான் பழகினார்கள். தலைவர் ரிச்சர்ட். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அகஸ்தியமலைப் பக்கத்து மலைகளெல்லாம் அச்சு அசலாகத் திரையில் வரும். சேர்வலாற்று அணைக்கு மேலே ஒரு சரிவில் முந்நூறு மீட்டர் நீளத்துக்கு அவரே ஒரு மண் ஓடுபாதையையும் கணினிக்குள் வெட்டி வைத்திருந்தார். நிஜத்தில் வெட்டியிருந்தால் வனத்துறை அவரைத் தூக்கி உள்ளே வைத்திருக்கும்.

ஆதார் நகல் எடுக்கப் போன லூசி மாடிச் சத்தத்தைக் கேட்டு ஏறிப் போனாள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள். பிறகு, "எனக்கும் ஒரு மணி வேணும்" என்றாள்.

ரிச்சர்ட் சிரித்தார். "இது விளையாட்டு இல்லம்மா. காத்து, உயரம், எடை எல்லாம் கணக்குப் போடணும்."

"நான் எடைதான் சார் போடுதேன், பதினேழு வருசமா."

ஜாபேஸ் மட்டும் சிரித்தார். யாரும் எடுக்காத மணி ஒன்று இருந்தது, மத்தியானம் இரண்டு முதல் மூன்று. ஊரே பிரியாணி தின்றுவிட்டு உறங்குகிற நேரம். அதை அவளுக்குக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் ஓடிவிடுவாள் என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள்.

அவள் ஓடவில்லை. காரணம் எவருக்கும் தெரியாது, புருஷன் எட்வினைத் தவிர.

லூசி உவரிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. அப்பா தொம்மைக்கு மூன்றும் பெண். கடலுக்குக் கூட வருகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டபோது, வேறு வழியில்லாமல் பன்னிரண்டு வயது லூசியை வள்ளத்தில் ஏற்றினார். பொம்பளைப் பிள்ளை ஏறிய வள்ளத்தில் மீன்பாடு கிடைக்காது என்று ஊர் சொன்னது. பாடு கிடைத்தது, அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருஷம் அவள்தான் சுக்கான் பிடித்தாள். பதினைந்து வயதில் ஒரு விடியலில் வள்ளம் கரையை நெருங்கும்போது, சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து சுக்கானைப் பிடித்தார். "போதும்ளா, கையை எடு. கரையில நாலு பேரு பாக்காவ." அவள் கையை எடுத்தாள். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், முடிந்தது. பிறகு கல்யாணம், பாளையங்கோட்டை, தராசு.

அந்தக் கைக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு பிடி கிடைத்திருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதத்தில் லூசி இருபத்து மூன்று விமானங்களை மலையில் மோதினாள். எண்ணி வைத்தவர் ரிச்சர்ட். இருபத்து மூன்றும் ஒரே இடம். சேர்வலாற்றுப் பள்ளத்தாக்கு வடக்கே நீண்டு போகும். இடது கைப்பக்கம் மேற்கு மலை. லூசி அந்த இடது மலையை ஒட்டியே போவாள். விமானம் படியிறங்குவது போல இறங்கும். என்ஜினை முழுசாகக் கூட்டினாலும் இறங்கும். அப்புறம் மரம், அப்புறம் திரையில் கறுப்பு.

"இடது பக்கம் போகாதீங்கக்கா" என்று ஜாபேஸ் சொல்லிப் பார்த்தார். "மேக்கத்திக் காத்து மலையைத் தாண்டி இந்தப் பக்கம் கீழ விழும்."

"மறைவுலதான தம்பி போறேன்" என்பாள் லூசி.

அவள் பேரில் குற்றமில்லை. கச்சான் காற்று அடித்தால் கரையை ஒட்டிப் போ என்பது கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டுகிற பாடம். கச்சான் மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து வருகிற காற்று. கரையின் மறைவில் தண்ணீர் தட்டுப்போலக் கிடக்கும்; தள்ளிப் போனவனைத்தான் இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பாடம் அவளை மூன்று வருஷம் உயிரோடு கரை சேர்த்திருக்கிறது. யாரோ ஒரு ஜாபேஸ் சொன்னால் கை கேட்குமா? கேட்கவில்லை.

ஆனி கடைசியில் கை கேட்டது. கேட்க வைத்தது ரேஷன் கடைச் சுவர். காற்று ஆளைத் தள்ளிய அன்று, வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து, "வெளியில நிக்காதிய, மேக்குச் சுவரோரம் மறைவா நில்லுங்க" என்று லூசியே சொன்னாள். போய் நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் குப்பை, சாக்குத் தூசி, கேரிபேக் எல்லாம் சுவரைத் தாண்டி வந்து நேரே அவர்கள் தலையில் கொட்டியது. சொல் கேட்காமல் வெளியிலேயே நின்ற ஒருத்தி மேல் ஒன்றும் விழவில்லை. ஒரு கேரிபேக் மட்டும் எதிர்ச் சுவரில் போய் மோதி, சுவரோடு சுவராக மேலே மேலே ஏறி, கூரையைத் தாண்டிப் போயிற்று.

"என்னக்கா, மண்ணு கொட்டுத இடத்துல நிக்கச் சொல்லிட்டு நீ வேடிக்க பாக்க" என்று ஒருத்தி தலையை உதறினாள்.

லூசி கையில் அரிசிப் படியோடு நின்றுகொண்டிருந்தாள். கடல் மட்டமாக இருக்கிறது, காற்று கீழே விழ இடமில்லை. மலையில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள இருபத்து மூன்று விமானம் ஆகியிருக்கிறதே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வலது மலையை ஒட்டிப் போனாள். மோதிய காற்று விமானத்தைக் கீழிருந்து ஏந்திக் கொடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் ரிச்சர்ட் மாடிச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். புதிதாக இரண்டு என்ஜினீயர்கள் மணி கேட்கிறார்கள். ஆகவே ஆடி கடைசி ஞாயிறு பரீட்சை. ஒவ்வொருவரும் அவரவர் மணிக்குள் சேர்வலாற்றுச் சரிவில் விபத்தில்லாமல் இறங்க வேண்டும். இறங்காதவர் தன் மணியை விட்டுவிட வேண்டும். காற்று அன்றைய நிஜக் காற்று. இணையத்திலிருந்து கணினியே எடுத்துக்கொள்ளும்.

அந்தத் தாள் யாருக்காக ஒட்டப்பட்டது என்பது தாளுக்கே தெரியும்.

எட்வின் இரும்புக் கடையில் வேலை பார்க்கிறவன். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம். "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாவ. நீ பறக்கதுக்கு என்ன" என்றான். அவள் சிரிக்கவில்லை என்றதும், "விட்டுரு லூசி. ஒரு மணி நேரம்தான, போனாப் போவுது" என்றான்.

"ஒருக்கா விட்டேன்ல. எதுக்கு விட்டேன்னு இருபத்தொம்பது வருசமாத் தெரியல. இதை விட மாட்டேன்."

பரீட்சையன்று மத்தியானச் சோற்றை எட்வினே பொங்கினான்.

ஆடி கடைசி ஞாயிறு. லூசி மாடியேறியபோது காலையிலிருந்து நான்கு பேர் முடித்திருந்தார்கள். இருவர் இறங்கிவிட்டார்கள், அதில் ரிச்சர்ட் ஒருவர். இருவர் மலையோடு போனார்கள். ரிச்சர்ட் அவளுக்கு வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜாபேஸ் கடிகாரத்தை அழுத்தினார்.

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே வயலோரப் பாதையிலிருந்து கிளம்பினாள். உடனே மலைக்குள் நுழையவில்லை. வெளியிலேயே வட்டமடித்து உயரம் சேர்த்தாள். பிறகு வலது மலையை ஒட்டி உள்ளே போனாள். கண் திரையில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று அணைச் சுவரின் மூலை. இன்னொன்று அதற்குப் பின்னால் தெரிகிற மொட்டைப் பாறை. அவள் ஊரில் கடலில் நிற்கும் இடம் தெரிய வேண்டுமென்றால் கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்பார்கள். கணியம் பார்ப்பது என்று பெயர். லூசி மலைக்கும் ஒரு கணியம் வைத்திருந்தாள்: மூலையும் பாறையும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற இடத்தில் முடிவெடுக்க வேண்டும். அதற்குமேல் பள்ளத்தாக்கு ஒடுங்கிவிடும், திரும்ப இடம் கிடையாது.

மூலையும் பாறையும் சேர்ந்தன. உயரத்தைப் பார்த்தாள். இருநூறு அடி குறைவு. பிடியை இடது பக்கம் சாய்த்து, காற்றுக்கு எதிராக வளைத்து, வந்த வழியே திரும்பினாள்.

"பயந்துட்டியளோ?" என்றார் ரிச்சர்ட்.

"உயரம் பத்தல சார்."

"நான் அந்த உயரத்துலதான் போனேன். ஏறிரும். திரும்புனா அது தோல்விதான்."

"தாள்ல அப்படி இல்லையே. மணிக்குள்ள இறங்கணும்னுதான எழுதியிருக்கிய. நீங்க எழுதுனதுதான்."

ரிச்சர்ட் சுவரைப் பார்த்தார். தாள் அப்படித்தான் சொன்னது.

மறுபடி வட்டமடித்து உயரம் சேர்த்து இரண்டாம் தடவை போனாள். இப்போது உயரம் இருந்தது. மொட்டைப் பாறையைக் காணவில்லை, மேகம் மூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் விலகும் என்று யாருக்கும் ஆசை வரும். அவளுக்கும் வந்தது. மணி இரண்டு முப்பத்தெட்டு. அடையாளம் தெரியாவிட்டால் கரைக்குத் திரும்பு என்று அப்பா சொல்லியிருக்கிறார். திரும்பினாள்.

"ரெண்டு தடவை" என்றார் ரிச்சர்ட் ஜாபேஸிடம். "இப்படியே மூணு மணி வரைக்கும் வட்டம் சுத்தப் போறாவ."

லூசிக்குச் சுருக்கென்றது. ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது, அதுவும் ரேஷன் கடைப் பதில். விழுங்கினாள். கையில் வேலை இருந்தது.

மூன்றாம் தடவை. மேகம் விலகியிருந்தது. மூலையும் பாறையும் சேர்ந்தன, உயரம் இருந்தது, வலது மலையின் காற்று ஏந்திக் கொடுத்தது. கணியத்தைத் தாண்டினாள். இனி திரும்ப இடமில்லை, இறங்கித்தான் ஆக வேண்டும். முன்னால் சரிவு, அதில் செம்மண்ணில் ஒரு கீறல் போல ஓடுபாதை. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்ஸை முழுசாக இறக்கினாள். வேகம் தணிந்தது. மலை திரை முழுக்க நிறைந்தது. மேடான பாதையில் இறங்கும்போது விமானம் நேரே மலையில் குத்தப் போவது போலத்தான் தெரியும். கடைசி நொடியில் என்ஜினைக் கூட்டி, மூக்கைச் சரிவுக்குச் சமமாகத் தூக்க வேண்டும். ஒரு நொடி முன்னாலும் தூக்கக் கூடாது, பின்னாலும் தூக்கக் கூடாது.

"தூக்குங்க, தூக்குங்க" என்றார் ரிச்சர்ட். அவள் தூக்கவில்லை. அவர் கை நீண்டு வந்து பிடியைப் பற்றியது.

அந்தக் கையில் உப்புத் தண்ணீர் சொட்டுவது போல இருந்தது லூசிக்கு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"கையை எடுங்க சார்."

கை எடுபடவில்லை.

"எடுங்கன்னு சொல்லுதேன்லா."

குரல் கீழே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்டது. கை விலகியது. அவள் என்ஜினைக் கூட்டினாள், மூக்கைத் தூக்கினாள். சக்கரம் மண்ணைத் தொட்டது, ஒருமுறை துள்ளியது, மறுபடி தொட்டது. மேடேறும்வரை என்ஜினைக் குறைக்காமல் ஓட்டிப்போய், உச்சியில் இருந்த சமதளத்தில் விமானத்தைக் குறுக்கே திருப்பி நிறுத்தினாள். நேரே நிறுத்தினால் பின்னால் உருளும்.

ஜாபேஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐம்பத்து நாலு நிமிசம்க்கா. இறங்கியாச்சு."

லூசி முந்தானையால் உள்ளங்கை வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

ரிச்சர்ட் தொண்டையைச் செருமினார். "இறங்குனது இறங்குனதுதான். நான் பதற்றத்துல பிடிச்சிட்டேன். மணி உங்களுக்குத்தான். சரி, எந்திரிங்க, அடுத்த ஆளு வந்தாச்சு."

"மூணு மணிக்குத்தான சார் அடுத்த ஆளு? இன்னும் ஆறு நிமிசம் இருக்கு."

விமானத்தை மெதுவாகத் திருப்பினாள். ஓடுபாதை இப்போது கீழ்நோக்கிக் கிடந்தது. அதன் முடிவில் மண் இல்லை, பள்ளத்தாக்கும் தூரத்தில் அணைத் தண்ணீரும்தான். சரிவிலிருந்து கிளம்புகிறவனும் பாதியில் நிறுத்த முடியாது. லூசி என்ஜினை முழுசாகக் கூட்டினாள். ரிச்சர்ட் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.