இறாலை எங்கே கட்டிப் போடுவது?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி. மட்டக்களப்பில் ரயிலிறங்கிக் கல்முனைக்கு பஸ் ஏறினேன். ஏறத்தாழ இருபத்தைந்து மைல். கொழும்பில் கோழித்தீவனம் அரைக்கும் ஆலையில் எனக்கு வேலை. மடியில் ஒரு சாக்கு. அதற்குள், மாடறுக்கும் மடுவத்தில் வாங்கிக் காய்ச்சி உலர்த்திய இரத்தத் தூள். கொண்டக்டர் மூக்கைச் சுளித்து, "என்ன சாமான் இது?" என்றார். "மருந்து," என்றேன் வெடுக்கென்று. அந்த நாற்றத்தை நான் மட்டும் ஆசைப்பட்டா சுமந்தேன்?

கல்முனையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு பஸ் மாறினேன். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில். பாலமுனையில் இறங்கும்போது பகல் பதினொரு மணி. மழை விட்டிருந்தாலும் கடல் இரைந்துகொண்டே இருந்தது. கரைவலைத் தோணிகளையெல்லாம் மேட்டில் ஏற்றிவிட்டார்கள். வாடைக் காலத்தில் இங்கே வலை இழுப்பதில்லை. நான் வந்ததே அதனால்தான்.

என்னோடு படித்த ஹனீபா இங்கே இறால் வளர்க்கிறான். கரைவலையில் படும் பொடிமீனை உலர்த்தி இடித்ததுதான் தீவனம். கடல் மூடியதும் மீன்தூள் தீர்ந்தது. பசித்த இறால் சும்மா கிடக்காது. தோல் கழற்றி மெத்தென்று கிடக்கும் தன் இனத்தையே தின்றுவிடும். பிடிப்பதற்கோ இன்னும் ஒரு மாதம் இருந்தது. குளம் வெட்டிய நிலம் அவன் மனைவி சபியாவின் சீதன வயல். இந்தப் பக்கத்தில் வீடும் காணியும் பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் இனி நெல் விளையாது. இறாலும் போனால் அவளுக்கு மிஞ்சுவது வெறும் சேறு.

பகல் சாப்பாடு கோழிக்கறி. வெளுத்து வாங்கினேன். எப்படித் தங்கச்சி இவ்வளவு ருசி என்று கேட்டேன்.

"ஒங்கட காயிதம் வந்தண்டைக்கே புடிச்சிக் கட்டிட்டன், அண்ணன். மூணு நாளா நெல்லு மட்டுந்தான். ஊர்க்கோழி கண்டதையும் திண்டு திரியும். கட்டிப் போட்டு வகுறு சுத்தமானாத்தான் நாங்க அறுக்கிற," என்றாள் சபியா.

கேட்டேன், தலையும் ஆட்டினேன். ஆனாலும் கை கழுவியதும் சாக்கைப் பிரித்து, மீன்தூளைவிடச் சத்து, விலையும் மலிவு என்று அளக்கத் தொடங்கினேன். ஹனீபாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஒரு பிடி அள்ளி, "என்ன மச்சான் இது?" என்றான். சொன்னேன். கையை உதறிவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"ரத்தம் ஹராம்," என்றாள் அவள்.

"நீங்களா தின்னப் போறீங்கள்? இறால்தானே?"

"அந்த இறால ஆரு திங்கிற?"

ஹனீபா மெதுவாகச் சொன்னான்: "புடிக்க முந்திக் கொஞ்ச நாளைக்கு நல்ல தீன் குடுப்பம். கோழிக்குச் செய்யிற மாதிரி."

"கோழியக் கட்டிப் போடலாம். இறால எங்க கட்டிப் போடுற? ஒண்ட ஒண்டு திங்கிற சாமான். ரத்தம் திண்டத மத்தது திண்டா, எண்டைக்கிருந்து நாள் எண்ணுற?"

"அப்ப எல்லாம் சாகட்டும். ஒன்ட காணிதான் புள்ள."

"ஓம், என்ட காணிதான். அதான் சொல்றன்," என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாக்கைக் கட்டி மூலையில் வைத்தேன்.

ஹனீபா எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, "இறக்காமத்து வயலுக்குள்ள நத்தை குமியுதாம். பொறுக்கி வரம்பில கொட்டுறாங்களாம்," என்றான்.

"நத்தை மட்டும் தின்பீங்களோ?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"நாங்க திங்கிறல்ல. ஆத்துல இறால் தன்ட பாட்டுல திங்கிறதானே. அது அதுட தீன்," என்றாள்.

பின்னேரம் உழவு மெசினின் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏறி இறக்காமம் போனோம். யானை இறங்குவதற்குள் புறப்படுங்கள் என்று வயற்காரர்கள் துரத்தாத குறை. கொண்டுவந்த நத்தையை அவித்து, ஓடு நீக்கி, தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்த்து உரலில் இடித்தோம். என் கை அந்தச் சாக்கைவிட நாறியது. ஹனீபா உருண்டைகளைத் தட்டில் வைத்துக் குளத்தில் இறக்கினான்.

விடிந்ததும் சபியாவும் எங்களோடு வந்தாள். உப்பு ஏறிய நாளிலிருந்து அவள் அந்தப் பக்கமே வந்ததில்லையாம். ஹனீபா தட்டைத் தூக்கினான். ஓர் உருண்டைகூட இல்லை. இரண்டு இறால்கள் மட்டும் இன்னும் தடவிக்கொண்டிருந்தன. சபியா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். தினமும் நத்தை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அதை அப்போது நான் கேட்கவில்லை.

புறப்படும்போது சாக்கு திரும்பவும் என் கையில். கொழும்பில் என் வீட்டுக் கோழிகள் இதைத்தான் தின்கின்றன. முட்டையை உடைக்கும்போது, அது என்ன தின்று இட்டது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

பஸ் வந்ததும் சபியா சொன்னாள்: "அடுத்த முறை காயிதம் போடாமலே வாங்க, அண்ணன். கோழி கட்டத் தேவல்ல. இறால் இரிக்கும்."