கார் குடித்த தண்ணீர்

எந்த மிஷினைப் பிரித்தாலும் அவர் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கையை இரும்பின் மேல் வைத்து, மறு கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றி, தலையைச் சாய்த்துக் கேட்பார். தையல் கம்பெனிப் பெண்களுக்கு அது ஒரு வேடிக்கை. "மிஷின்காரர் தூங்கிட்டாரு, எழுப்பாதீங்கடி" என்பார்கள். கல்யாணமான புதிதில், சுவர்க் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படி நின்றதைப் பார்த்து அவர் மனைவியும் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. மிக்ஸியோ கதவுக் கீலோ, கண்ணை மூடினால்தான் அவருக்கு அதன் நோய் தெரியும்.

தையல் மிஷின் ரிப்பேர்தான் அவர் பிழைப்பு. ஊரில் எல்லோருக்கும் அவர் மிஷின்காரர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். அவர் தொழில் ஒரே விதியில் நின்றது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஊசியையும் மாற்றி நூலையும் மாற்றினால், தையல் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. நாளைக்கு மறுபடி அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப்படும் முதலாளிகளிடம் அவர், "குருட்டாம்போக்குல கை வெச்சா கோளாறு ஒளிஞ்சுக்கும்" என்று சொல்லிவிட்டு மெதுவாகத்தான் செய்வார்.

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்கத் தோள் ஒத்துழைக்காத வயதில் ஒரு பழைய கார் வாங்கினார். பிள்ளைகள் இல்லாத வீடு. மாலையில் மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்துக் கடைத்தெரு வரை போய் வருவார். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, ஒன்றும் பேசாமல் வருவாள்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கான மையம் ஊரைத் தாண்டி, பஸ் போகாத சாலையில் இருந்தது. ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன தண்ணீர் ஒரு சிறிய பாட்டிலுக்குள் அடங்கியது. வெயில் காலத்தில் அவள் அந்தப் பாட்டிலை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பி, நாக்கை நனைத்துக்கொண்டு பொழுதை ஓட்டினாள். அந்தக் கார் அவர்களுக்கு அதன்பின் வெறும் கார் இல்லை. அவள் உயிர் அதில் ஏறித்தான் போய்வந்துகொண்டிருந்தது.

அந்தக் காருக்குத்தான் காய்ச்சல் வந்தது.

முதல் தடவை மையத்திலிருந்து திரும்பும்போது, மீட்டரில் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வீட்டு வாசலில் நிறுத்தி, ஆறவிட்டு, பானெட்டைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டரை ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. ஜன்னலுக்கு உள்ளே நின்று மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என்ஜினைக் குளிரவைக்கும் பச்சை நிறக் கூலன்ட் வாங்கி வந்து டப்பாவில் கோடு வரை நிரப்பினார். காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்தார். அவளுடைய தம்பி வந்திருந்தான். பார்சல் வேன் ஓட்டுகிறவன், எதற்கும் வாய் ஓயாதவன்.

"என்ன மாமா, காருக்குப் பாய் விரிச்சுத் தூங்க வைக்கிறீங்களா?"

"ஒழுகினா அட்டையில தெரியும் மாப்ளே. தினம் காலைல டப்பாவைப் பாப்பேன். தண்ணி குறைஞ்சா ஒழுகல். குறையலன்னா கோளாறு வேற எங்கயோ. அவ்வளவுதான் கணக்கு."

காலையில் பார்த்தார். அட்டை உலர்ந்திருந்தது. தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆனால் கார் மட்டும் பாதி வழியில் கொதித்தது.

ஒழுகல் இல்லை என்று முடிவானபின் அவர் தன் வழக்கப்படி ஒவ்வொன்றாக இறங்கினார். முதலில் ஃபேன். என்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு அருகில் நின்றார். ஃபேன் சரியான நேரத்தில் சுற்றியது. பிறகு ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே அடைத்த தூசியையும் செத்த பூச்சிகளையும் உள்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினார். ரேடியேட்டர் மூடியை மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பயணம். ஒவ்வொரு பயணத்திலும் முள் ஏறியது. அடுத்து, தண்ணீர் சூடானதும் வழிவிட வேண்டிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார்.

"அதை எங்க வைக்கிறீங்க? பால் காய்ச்சுற பாத்திரங்க அது!"

"கழுவித்தான் போடறேன். சூட்டுல திறக்குதான்னு பாக்கணும்."

"திறந்தா காபி போட்டுத் தரவா அதுக்கு?"

பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது, அந்தப் பித்தளைச் சாமான் சோம்பல் முறிப்பதுபோல மெல்ல வாயைத் திறந்தது. இருவரும் தலையை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவள் கைகொட்டினாள். அவர் கைகொட்டவில்லை. அதுவும் நன்றாக இருக்கிறது என்றால், கோளாறு இன்னும் வெளியே திரிகிறது.

ஒர்க்‌ஷாப் மேஸ்திரியிடமும் கேட்டார். அவளும் பக்கத்தில் நின்றாள். மேஸ்திரி ஒரு காரின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி ஒரே கேள்வி கேட்டார். "தண்ணி குறையுதா?"

"ஒரு சொட்டு குறையல."

"அப்ப என்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். கழற்றினா பல நாள் நிக்கும் வண்டி. வாட்டர் பம்ப்பைப் பாரு."

பல நாள் வண்டி நின்றால் அவளை மையத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. அவளுக்கு ஒரு முறை தவறினாலே உடம்பு ஊதிவிடும். மச்சானின் வேனைக் கேட்கலாமென்றால் அவனுக்குக் காலையில் டெலிவரி, முதலாளி கறார். ஆகவே பம்ப்பையும் மாற்றினார். முள் ஏறியது.

கடைசியில் ஒரு உபாயம்தான் மிச்சம் இருந்தது. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது காருக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே அனல் வெயில். உள்ளே முகத்தில் அனல் காற்று. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, சட்டை முதுகில் ஒட்ட, முள்ளையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். பக்கத்தில் அவள் உதடு வெடித்து உட்கார்ந்திருந்தாள்.

"கஷ்டமா இருக்காம்மா?"

"வேர்த்தா எனக்கு நல்லதுதாங்க. அந்த அளவு தண்ணி வெளிய போனா நர்ஸுக்கு வேலை மிச்சம்."

சிரிக்கத்தான் சொன்னாள். அவர் சிரிக்காமல் முள்ளையே பார்த்தார். வெறும் வண்டி, வெறும் இரும்பு, தனக்கு மட்டும் பிடி கொடுக்கவில்லையே என்று அவர் நொந்துபோனார். கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தையல் கம்பெனி முதலாளிகளில் இரண்டு பேர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அது அவர் காதில் ஏறவேயில்லை.

வார விடுமுறையில் மையத்துக்கு இரண்டு நாள் இடைவெளி விழும். அது முடிந்து போகிற நாள்தான் அவளுக்கு எப்போதும் மோசம். அன்று படுக்கையில் சாய முடியாமல் விடியும் வரை உட்கார்ந்தே இருந்தாள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்தது. காரில் ஏறும்போதே மூச்சு வாங்கியது.

பாதி வழியில், இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர் மட்டுமே இருந்த இடத்தில், முள் சிவப்பைத் தாண்டியது. என்ஜின் ஒரு தடவை இழுத்து நின்றது. பானெட் இடுக்கில் ஆவி பீறியது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறாமல் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்று தெரியும். காத்திருக்க வேண்டும். அவளோ காத்திருக்கும் நிலையில் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார், வர நேரமாகும் என்றார்கள். மச்சானுக்குப் போட்டார். அவன் ஊரின் மறுகோடியில் இருந்தான். "வந்துட்டே இருக்கேன் மாமா, அக்காவைப் பேச விடாதீங்க" என்றான். ஒருவழியாக ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திருகி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

தண்ணீரில் பச்சையே இல்லை.

விரலை நனைத்து வெயிலில் காட்டிப் பார்த்தார். குழாய்த் தண்ணீர்போல வெளுத்திருந்தது. பம்ப் மாற்றியபோது அவர் பிடித்துவைத்த மங்கிய பச்சையை, பழசானால் மங்கும் என்று நினைத்து, அப்படியே வடிகட்டி ஊற்றினார். ஒரு சொட்டும் குறையாத டப்பாவில் நிறம் மட்டும் எப்படிக் குறையும்? யாரோ ஊற்றினால்தான் வெளுக்கும். குறைந்தால்தான் ஊற்ற இடம் இருக்கும்.

காரின் பக்கம் திரும்பினார். அவள் கதவைத் திறந்து, காலை வெளியே தொங்கவிட்டு, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"டப்பாவுல யாராவது தண்ணி ஊத்தினாங்களா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீயா?"

"நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி... கோடு வரைக்கும்."

"தினமுமா?"

தலையை ஆட்டினாள்.

"ஏம்மா? ஏன் இப்படிப் பண்ணின?"

"அன்னைக்கு வாசப்படியில உக்காந்தீங்களே. அந்த முகத்தை இன்னொரு தரம் பாக்க முடியலைங்க." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "எனக்குத்தான் குடிக்கக் கொடுத்து வைக்கல. அது குடிக்குதே, குடிக்கட்டும்னு நினைச்சேன்."

"மேஸ்திரி அதைத்தான் கேட்டாரு. ஒரே கேள்வி. நான் இல்லைன்னேன். நீ பக்கத்துலதான நின்ன!"

வாழ்நாளில் அவளிடம் அவர் அப்படிக் கத்தியதில்லை. அவள் அழவில்லை, அழுவதற்கான மூச்சு அவளிடம் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பேருமே இப்படித்தான். ரத்தப் பரிசோதனை மோசமாக வந்த நாளில் அவர் "பரவாயில்லையாம்" என்று சொல்லியிருக்கிறார். மூச்சு முட்டிய இரவுகளில் அவள் "தூக்கம் வரல, அவ்வளவுதான்" என்று சொல்லியிருக்கிறாள். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் மறைப்பது அவர்களுக்குக் கல்யாண நாளிலிருந்து வந்த பழக்கம். அது காரின் மேலும் பாயும் என்று இருவருமே நினைத்ததில்லை.

காரில் வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றி, மூடியைப் போடாமலே சாவியைத் திருகினார். என்ஜின் திக்கித் திக்கி எழுந்தது. திறந்த வாயில் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. பின்னால் குழாயில் வெள்ளைப் புகை. தண்ணீர் அட்டையில் சொட்டாமல் எங்கே போனது என்பது இப்போது அவருக்குக் கண் திறந்தே தெரிந்தது. என்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு கிழிந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, எரிந்து, புகையாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் வாரமே தெரிந்திருந்தால் ஒரு கேஸ்கெட்டோடு முடிந்திருக்கும். அவர் சாவியை அணைத்தார்.

பிறகு சாலை நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார்கள். ஒருவன் ஜன்னல் வழியாகத் திட்டிவிட்டுப் போனான். கடைசியில் கண்ணாடிப் பலகைகள் ஏற்றிய வேன் ஒன்று நின்றது.

"முன்னாடி ஒரு ஆளுக்குத்தான் இடம் அண்ணே. பின்னாடி கண்ணாடி. ஏற முடியாது."

"அவங்களை மட்டும் கொண்டுபோய் விடுங்க. வாசல்ல இறக்கினா போதும்."

அவள் ஒரு தடவைகூட அங்கே தனியாகப் போனதில்லை. ஏற்றி உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டார். "மேஸ்திரியைக் குத்தம் சொல்லாதீங்க, தப்பு என்னுது" என்றாள் அவள். வேன் போய்விட்டது. ஆவி அடங்கிய காருக்குப் பக்கத்தில், போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், அவர் காத்திருந்தார்.

மச்சான் வந்து அவரை ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போனபோது, அவளுடைய நேரத்தில் வேறு நோயாளி படுத்திருந்தார். அவள் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டாளாம். நுரையீரல் வரை நீர் ஏறியிருந்தது. முகத்தில் மூச்சுக் கருவியை மாட்டி, அவசரப் பிரிவில் ரத்தம் சுத்தம் செய்யும் மிஷினை இணைத்திருந்தார்கள். மச்சானும் அவரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். உள்ளேயிருந்த அந்த மிஷினின் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது. அவர் கண்ணை மூடவில்லை. மூடினால் திறக்கும்போது என்ன இருக்குமோ என்ற பயம்.

அவள் பிழைத்தாள். வீட்டுக்கு வர நாளானது. மேஸ்திரி ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் கொதித்ததில் என்ஜினே விரிசல் விட்டுவிட்டது, இனி அதில் கை வைத்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான் என்றார். தண்ணீர் குறையாமல் நின்ற காரணத்தை மிஷின்காரர் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அவர்கள் மையத்துக்குப் பின்தெருவில் ஒரே அறையில் குடியிருக்கிறார்கள். பழைய ஊரின் தையல் கம்பெனிகள் கைவிட்டுப் போய்விட்டன. தெருவில் யாராவது மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் அவருக்கு வேலை. வாரத்தில் மூன்று நாள் இருவரும் நடந்தே மையத்துக்குப் போகிறார்கள். வழியில் ஒரு பூட்டிய கடையின் படியில் அவள் சற்று நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. மூச்சு முட்டினால் இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறாள். சில நாள் சொல்வதில்லை.