மருந்தடித்த காட்டில் புதைத்த வேட்டி

எங்கள் காட்டைப் போலச் சுத்தமான காடு எருத்தேன்பதிப் பக்கம் வேறு இல்லை. மண்புழு கிடையாது, கறையான் கிடையாது. போன வருஷம் கொட்டிய சாணி எருகூட இந்த வருஷ உழவில் கொட்டியபடியே மேலே வந்து நலம் விசாரிக்கும். இவ்வளவு சுத்தத்துக்கும் காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் பூச்சியைப் பார்த்து மருந்தடிப்பவர் அல்ல. பக்கத்துக் காட்டுக்காரரைப் பார்த்து அடிப்பவர். அங்கே அடித்தால் பூச்சியெல்லாம் வேலி தாண்டி இங்கே குடிவந்துவிடுமாம். இவர் அடித்ததும் அதெல்லாம் திரும்பி வரும் என்று அவர் மறுபடி அடிப்பார். இந்த இரண்டு பேர் ரோஷத்தில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பூச்சிமருந்துக் கடைக்காரர் மாடி கட்டிவிட்டார். எங்கள் கடலைச் செடி மட்டும் வருஷா வருஷம் வெளுத்துக் குட்டையாகி வந்தது.

வேளாண் அலுவலகமான கிருஷி பவன் நடத்திய வகுப்புக்கு நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். சாயாவும் பரிப்புவடையும் உண்டு என்றதும் வந்தார். வகுப்பெடுத்த அதிகாரியம்மா பொறுமையாகச் சொன்னார். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. அவை சுரக்கும் நொதிகள்தான் சருகையும் சாணியையும் செரித்துச் செடிக்குச் சோறாக்குகின்றன. பூச்சிமருந்தின் மிச்சம் மண்ணில் தங்கித் தங்கி அந்த உயிர்கள் செத்தால், மண்ணுக்குச் செரிமானமே நின்றுபோகும். சந்தேகமிருந்தால் ஒரு பருத்தித் துணியைப் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்கள் என்றார்.

வீட்டுக்காரர் தம் பழைய வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியைக் காட்டில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் புதைத்தார். அந்த மரத்தடியில்தான் போன வருஷம் என் மாமனாரை அடக்கம் செய்தோம். செத்தால் சொந்தக் காட்டிலேயே மண்ணோடு மண்ணாக வேண்டும் என்பது அவர் ஆசை. மறுபாதியை வீட்டுக்குப் பின்னால், என் வாழையும் கீரையும் நிற்கும் இடத்தில் புதைத்தோம். மருந்து வாடை படாத மண் எங்களுக்கு அது ஒன்றுதான். அங்கே மருந்து டேங்கோடு நுழைய நான் அவரை விட்டதே இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் தோண்டினோம். காட்டு வேட்டியை ஓர் அலசு அலசினால் கல்யாணத்துக்கே கட்டிப் போகலாம். என் மண்ணில் நைலான் கரை மட்டும் பாம்புச் சட்டை போலக் கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தால், அவர் முகத்திலும் பெருமை!

"பாத்தியா புள்ள, எங்காட்டுல வேட்டி பீரோவுல வெச்சாப்ல பத்தரமா இருக்குது. உன்ற மண்ணு துணியவே தின்னு போட்டுது. உள்ள என்னமோ பெருசாப் பூந்திருக்குது."

வகுப்பில் மற்றவர்கள் தூங்கினார்கள். இவர் விழித்திருந்து கேட்ட லட்சணம் இது. அன்று சாயங்காலமே டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு என் வாழையடிக்கு வந்துவிட்டார். இதுவும் போனால் எங்களுக்கென்று உயிருள்ள மண் ஒரு பிடி மிஞ்சாது. குறுக்கே போய் நின்றேன்.

"தள்ளு புள்ள."

"அடிங்க, நான் வேண்டாங்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வேட்டியே மக்காத காட்டுலதானுங்களே மாமாவப் பொதச்சிருக்கறோம்?"

அவர் கையிலிருந்த குழாய் தாழ்ந்தது. காட்டு வேப்பமரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனாலும் நான் நகரவில்லை. அவர் டேங்கை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார்.

விடிந்து நான் கீரை பறிக்கப் போனபோது, வாழையடியில் வெறுங்கூடையோடு நின்றிருந்தார்.

"ஏம்புள்ள, இந்த மண்ணுல ஒரு கூடை குடுக்கறயா? எங்கப்பனுக்கு மேல போட்டுட்டு வந்தர்றேன்."