மெய்க்குறி காட்டும் கை

பிப்ரவரி மாதத்தில் ஒரு காற்பந்துப் பயிற்றுநருக்குத் தொண்டை கட்டியிருத்தல் ஆகாது. ஆட்டப் பருவம் நவம்பரோடு முடிந்துவிடும். அதன்பின் கத்துவதற்கு அவருக்கு வேலையில்லை. இவ்வெளிய உண்மை 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வேன்ஸ் என் சம்பந்தி. என் மருமகள் ஆனின் தந்தை. டெக்சாசில், நாங்கள் வாழும் பிளானோவுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சிறு கல்லூரியொன்றில் துணைப் பயிற்றுநர். அமெரிக்கக் காற்பந்து என்பது பந்தைக் கையிலேந்தி, ஆளை ஆள் மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம். அதில் அவர் கழித்தவை முப்பத்து நான்கு ஆண்டுகள், ஒன்பது கல்லூரிகள். தலைமைப் பதவி ஒருமுறையும் வாய்க்கவில்லை. தலைமைப் பயிற்றுநர் நீக்கப்பட்டால் துணைவரும் அறையைக் காலி செய்தல் அத்தொழிலின் வழக்கம். நான்காம் ஊரோடு மனைவி பிரிந்து சென்றார். அவரைக் குறைசொல்லி வேன்ஸ் பேசி நான் கேட்டதில்லை.

கத்திப் பிழைப்போருக்குக் குரல் கரகரப்பது குறையன்று, தகுதி என்றே அவர் கருதினார். சென்னைக் கல்லூரியொன்றில் முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்த நானும் அவ்வாறே கருதினேன். ஆகவே ஞாயிறுதோறும் உண்ண வரும் அவருக்குப் பத்து வாரங்கள் மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தேன். அவரும் முகம் சுளிக்காமல் குடித்தார். இறுதியில் என் மகன் இளங்கோவே பொறுமையிழந்தான்.

“அப்பா, நீங்க பால் குடுத்து ட்ரீட் பண்ணது போதும். மாமாவுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். நாளைக்கு நீங்கதான் டிரைவ் பண்ணணும்.”

இதைப் படிக்கும் நோயாளருக்கும் உடனிருப்போருக்கும் முதலில் ஒன்று: மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கரகரப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். என் மிளகுப்பாலால் நாங்கள் பத்து வாரங்களை இழந்தோம்.

மருத்துவமனைப் படிவத்தில் நோயாளிக்கு நான் என்ன உறவு என்று எழுத ஓர் இடம் இருந்தது. சம்பந்திக்கு அவர்கள் மொழியில் சொல்லில்லை. வரவேற்பிலிருந்த பெண் சற்றே எண்ணி, ‘உறவினர்’ என்று தானே எழுதிக்கொண்டார்.

உள்நோக்கியால் (மூக்கின் வழியே செலுத்தும், முனையில் விளக்குடைய மென்குழல்) பார்த்தார்கள். திசு ஆய்வு (சிறு துணுக்கை வெட்டி நுண்ணோக்கியில் காண்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்று, அது குருத்தெலும்பையும் அரித்திருந்தது. அறுவை மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, சுற்றி வளைக்காதவர். முழுக் குரல்வளை நீக்கம் (குரல் நாண்களுடன் அவ்வுறுப்பையே அகற்றி, கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குத் துளை அமைத்தல்), பின்னர் ஆறு வாரக் கதிர்வீச்சு என்றார்.

வேன்ஸ் ஒரே ஒரு வினாவைக் கேட்டார். “செப்டம்பர் முதல் சனிக்கிழமை களத்தில் நிற்பேனா?”

“நிற்கலாம். பேச இயலாது.”

“நிற்பதைப் பற்றித்தான் கேட்டேன்.”

மார்ச்சில் அறுவை நடந்தது. கண் விழித்தவரின் மூச்சு கழுத்துத் துளையின் வழியே சீறியது. மூக்கின் வழி காற்றுப் போகாமையால் மணம் அறியும் திறனும் மறைந்தது. இதை நூல்கள் ஒரு வரியில் சொல்லிச் செல்கின்றன. என் வீட்டு மிளகுச்சாற்றின் முன்னமர்ந்து, அது சுடுநீரா சாறா என்று அவர் ஐயுற்றதைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. கழுத்தில் அழுத்திப் பேசும் மின்குரல் கருவி தந்தார்கள். அதன் ஓசை பொம்மையின் ஓசை, பலகையும் எழுதுகோலும் போதும் என்று எழுதிக்காட்டினார்.

கதிர்வீச்சுக்கு நாள்தோறும் நானே மகிழுந்தில் அழைத்துச் சென்றேன். கழுத்துத் தோல் கருகி உரிந்தது. உணவு இறங்கவில்லை. பதினெட்டுக் கிலோ இளைத்தார். ஆயினும் காத்திருப்போர் கூடத்தில் ஆட்டமுறைகள் எழுதிய தாள்களை மடியில் விரித்துக்கொண்டு கைகளை அசைத்தபடியே இருப்பார்.

அக்கையசைவை விளக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டமுறைக்கும் ஒரு பெயருண்டு. அடுத்து எதை ஆடுவது என்பதை உயரத்திலுள்ள கண்ணாடி அறையில் ஒருவர் முடிவு செய்து, தலையில் மாட்டும், வாயருகே ஒலிவாங்கியுடைய காதணிக் கருவி வழியே களத்தின் ஓரத்துக்குச் சொல்வார். ஓரத்தில் நிற்பவர் அதைக் கைக்குறிகளால் ஆட்டக்காரருக்குத் தெரிவிப்பார். எதிரணியும் பார்ப்பதால், மூவர் நின்று ஒரே நேரத்தில் வெவ்வேறு குறிகளைக் காட்டுவர். ஒருவர் காட்டுவதே மெய். மற்ற இருவரும் பொய். எவர் மெய் என்பது ஆட்டக்காரருக்கு மட்டும் தெரியும்.

ஜூலையில் தலைமைப் பயிற்றுநர் வந்தார். முப்பத்தெட்டு வயதினர், முன்னொரு கல்லூரியில் வேன்சிடம் ஆடியவர். குறிகாட்டும் பணியை வேன்சுக்கே தருவதாகச் சொன்னார். அன்று வேன்ஸ் இரண்டு கிண்ணம் தயிர்ச்சோறு உண்டார்.

ஆகஸ்டு வெயிலில், பயிற்சியின் மூன்றாம் நாள், நிழலில் அமர்ந்திருந்த என்னை அவர் கையசைத்து அழைத்தார். முகம் சிவந்திருந்தது. மூன்று நாளும் அவர் காட்டியவை பொய்க்குறிகள். ஆட்டக்காரர் ஒருவரும் அவர் பக்கம் திரும்பவேயில்லை. பலகையை என் கையில் திணித்து, உரக்கப் படிக்குமாறு சைகை செய்தார். வகுப்பறையை விட்டு ஒன்பதாண்டுகளுக்குப் பின், இளைஞர் எண்பது பேர் பார்க்க, அயல்மொழியில் என் ஒலிப்பிலேயே படித்தேன்.

“முப்பத்து நான்கு ஆண்டுகள் இரண்டாம் இடத்தில் நின்றேன். ஒரு நாளும் பொய்யாக நின்றதில்லை.”

தலைமைப் பயிற்றுநர் தொப்பியைக் கழற்றினார். “கோச், இந்தப் பணியை இரக்கத்தால் தரவில்லை. மேலிருந்து சொல்வது சரியாகக் கேட்கவில்லையென்றால் எப்படித் திருப்பிக் கேட்பீர்கள்? சில நொடிகள்தாம் இருக்கின்றன.”

இதற்கு விடை எங்களிடம் இருந்தது. அந்தக் கோடை முழுதும் நான் மாடியிலிருந்து தொலைபேசியில் ஆட்டமுறைகளின் பெயர்களைப் படிக்க, கீழே வேன்ஸ் ஒலிவாங்கியைத் தட்டுவார். ஒரு தட்டு, கேட்டது; இரு தட்டு, மீண்டும் சொல். என் ஒலிப்பை விளங்கிக்கொள்பவருக்கு எவர் ஒலிப்பும் விளங்கும் என்று ஆன் நகையாடுவாள். இதைச் சொன்னேன். தலைமைப் பயிற்றுநர் காதணிக் கருவியை வேன்சிடம் கொடுத்து, மேலறையிலிருந்து இருபது ஆட்டமுறைகளை விரைவாகச் சொல்லச் செய்தார். இருமுறை மட்டும் இரு தட்டு விழுந்தது. இருபது குறிகளும் பிழையின்றி வந்தன.

“எவர் மெய் என்பதை முதல் ஆட்டத்தன்று, சனிக்கிழமை காலை சொல்கிறேன்” என்றார்.

சொன்னார். வேன்ஸ்தான்.

முதல் ஆட்டத்தில், மூன்றாம் கால்பகுதியில், புழுதி அவர் கழுத்துத் துளைக்குள் புகுந்தது. இருமலில் உடல் இரண்டாக மடிந்தது. சளி, மூடுதுணியைத் தாண்டி மார்பில் வழிந்தது. பார்வையாளர் வரிசையில் என்னருகே ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றாளை அனுப்பத் தலைமைப் பயிற்றுநர் திரும்பினார். வேன்ஸ் இடக்கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். அக்கையாலேயே கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வலக்கையால் குறியைக் காட்டி முடித்தார். ஆட்டக்காரர் பதினொருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தனர். பந்து ஏழு கெஜம் முன்னேறியது. அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் அந்த ஏழு கெஜத்தை எவரும் திருப்பிக் கேட்க முடியாது.

டிசம்பர்ப் பரிசோதனையில் நோய் தென்படவில்லை. ஐந்தாண்டுகள் இப்படியே கடந்தால் குணமாயிற்று எனலாம் என்று மருத்துவர் கூறினார். வேன்ஸ் தோள் குலுங்கச் சிரித்தார். ஓசை இல்லை, கழுத்தில் காற்று மட்டும் விட்டுவிட்டுச் சீறியது. பிறகு எழுதினார்:

“எனக்கு இதுவரை கிடைத்தவை எல்லாம் ஓராண்டு ஒப்பந்தங்கள். ஐந்தாண்டுக்குக் கையொப்பமிட்டுத் தருவீர்களா?”

தர இயலாது என்றார் மருத்துவர், அவரும் சிரித்தார். அப்படியானால் ஓராண்டே போதும், அதை எப்படி வாழ்வது என்று தனக்குத் தெரியும் என்று எழுதி, மேலாடையை அணிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் வானொலியை நான் போடவில்லை. அவர் மூச்சு இப்போது வெளியே கேட்கும் மூச்சு. அது சினத்தில் ஒருவகை, களைப்பில் ஒருவகை. அன்று அது சீராக இருந்தது. எனக்கு அறுபத்தொன்பது, என் மூச்சின் ஓசையை அதுவரை நான் கேட்டதே இல்லை. அவர் அடுத்த பருவத்தின் ஆட்டமுறைத் தாள்களை மடியில் விரித்தார். நான் வண்டியைச் சற்று விரைவாக ஓட்டினேன்.