முழங்கால் மேல் ஒரு கை

எல்கேஜி பிள்ளைகளுக்கு நான்தான் இங்கிலீஷ் மிஸ். மாடி வராண்டாவில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டு, உள்ளே படம் வரைந்துவிடுவேன். மீன் வரைந்த வட்டத்துக்குள் தாவினால் 'ஃபிஷ்' என்று கத்த வேண்டும். கீழ்த்தளத்து வகுப்பிலிருந்து, "தல மேல இடிக்குது மிஸ்" என்று புகார் வரும். வரட்டுமே என்று இருந்துவிடுவேன்.

ஒருத்தி மட்டும் மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை. அவள் அம்மாவுக்குத் தட்டாஞ்சாவடி கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. ஒருநாள் தாவிய வேகத்தில் அவள் 'ஃபிஷ்' என்று கத்திவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா! வராண்டா முழுக்க அவள் குரல்தான். ஆனால் உட்கார வைத்துக் கேட்டால் ஒரு சொல் வராது. எனக்கோ தலைகால் புரியாத பெருமை. உட்கார்ந்தபடியும் பேசப் பழக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, முட்டாள் எனக்கு.

பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு யுகேஜியில் இடம் கேட்டிருந்தார்கள். நேர்காணலுக்கு அம்மா என்னையும் கூப்பிட்டார்.

"நீங்களும் வாங்க மிஸ். அவங்க இங்கிலீஷ்ல கேட்டா எனக்குக் கை கால் ஆடிப்போவும்."

வேறு பள்ளிக்கூடத்து டீச்சரை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளையின் சித்தி என்று பொய் சொல்லி நுழைந்தேன்.

தலைமை ஆசிரியை மீன் படத்தைக் காட்டினார். பிள்ளையின் கண் மலர்ந்தது. நாற்காலியிலிருந்து நழுவி இறங்கப் பார்த்தாள். அம்மா அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தார்.

"ஆடாம ஒக்காரு பாப்பா."

அடுத்து மரம், படகு, சூரியன். ஒவ்வொன்றுக்கும் கால் துடித்தது, கை அழுத்தியது. கையை எடுங்கள், அவள் தாவித்தான் சொல்லுவாள் என்று நான் சொல்லியிருக்கலாம். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால் பொய் வெளிப்பட்டுவிடுமே என்று பயந்தேன். வெட்கம் கெட்டவள்போல் உட்கார்ந்திருந்தேன்.

இடம் கிடைக்கவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"நீங்க இன்னா பண்ணுவீங்க மிஸ்? அவளுக்குத்தான் படிப்பு ஏறல."

அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல வட்டங்கள் போட்டேன். மற்றவர்கள் தாவினார்கள். அவள் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மீனை அவளுக்கென்றே பெரிதாக வரைந்து, "வா, தாவலாம்" என்று கை நீட்டினேன்.

"ஆடக் கூடாது மிஸ்" என்றாள், தமிழில். பிறகு தன் முழங்கால்களைத் தானே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.