அக்கா இருந்த பக்கத்தின் முகவரி

பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால் மேலே முகவரிப் பட்டையில் தளத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. அதற்குப் பின்னால் நீளமாக வரும் சாய்கோடுகளையும் எண்களையும் காணோம். பட்டையைத் தொட்டால் விரியும், விட்டால் சுருங்கிக்கொள்ளும். நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் நாள் முழுக்க பெர்மிட்டும் வரியும் ஆன்லைனில் போடுகிறவன் நான். எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று கண்ணால் பார்க்காமல் ஒரு பட்டனையும் அழுத்தமாட்டேன். பழையபடி ஆக்க ஏதாவது வழி இருக்கும், சாவகாசமாகப் பார்க்கலாம் என்று திட்டிக்கொண்டே விட்டுவிட்டேன்.

அந்த வாரந்தான் அம்மா போனில் பேசியதைக் கேட்டேன். நாங்கள் இருப்பது பரமத்தி வேலூரில். அப்பா இல்லை, வீட்டில் அம்மாவும் நானும் மட்டுந்தான். லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். சமையல்கட்டில் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “பொண்ணு வேலைக்குப் போயிருக்குதுங்க. சாயங்காலந்தான் வருமுங்க.”

எங்கள் வீட்டில் பெண் கிடையாது. இருந்தவள் ஒரே அக்கா. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் மட்டும் திரும்பினோம். மூன்று வருடம் ஆகிறது. போகும்போது வயது இருபத்தெட்டு. அதற்கு ஆறு மாதம் முன்னால் நான்தான் அவளுக்கு ஒரு திருமணத் தளத்தில் பக்கம் போட்டுக் கொடுத்திருந்தேன். தொடர்புக்கு அம்மாவின் நம்பர், உள்ளே நுழைய அக்காவின் நம்பர். அவள் போன பிறகு அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. திறந்தால் அவள் படம் வருமே என்று பயம். பயந்தே மூன்று வருடத்தை ஓட்டினேன்.

எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. பக்கம் கிடந்தால் போன் வரத்தான் செய்யும். வந்திருக்கிறது, மாதத்துக்கு இரண்டு மூன்று. அம்மா ஒவ்வொருவரிடமும் பெண் இருக்கிறது என்றே பேசியிருக்கிறார். என்ன படித்திருக்கிறாள், என்ன நிறம், சமைப்பாளா என்று அவர்கள் கேட்கக் கேட்க நிதானமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஜாதகம் சேரவில்லை என்று முடித்துவிடுவாராம். ஏம்மா இப்படிச் செய்கிறாய் என்று சத்தம் போட்டேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னார்:

“அவளப் பத்தி வேற யாரு சாமி எங்கிட்டக் கேக்கறாங்க? நீ கேக்கறயா?”

நான் கேட்டதில்லை. வீட்டில் அவள் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போகிறவன் நான்.

ஆனால் இந்த முறை பையன் வீட்டாரே ஜோசியரிடம் பார்த்து ஜாதகம் பொருந்திவிட்டது. மோகனூரிலிருந்து ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்ல, அம்மா வாங்க என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. அன்று மத்தியானம் நானே அவர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பையனின் அப்பா திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்றார். அவர் கையில் அக்கா பக்கத்தைத் தரகர் எடுத்துக் கொடுத்த பிரிண்ட் ஒன்று இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

பக்கத்தை எடுத்தே ஆக வேண்டும். தளத்தின் ஆபீசுக்குப் பேசினால், அக்காவின் நம்பருக்கு வரும் ஓடிபி வேண்டும் என்றார்கள். அந்த நம்பர் இப்போது முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கிறது. அப்படியானால் பக்கத்தின் முழு முகவரியை அனுப்புங்கள், நீக்குவதற்கான படிவம் வரும் என்றார்கள். தளத்தில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு, எனக்கும் பெண் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்குள் நுழைந்து தேடினால் அக்கா வரமாட்டாள். ஒரே கூட்டத்துக்காரர்கள், அதாவது ஒரே குலத்தார், எங்களில் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் செய்துகொள்வதில்லை. அதனால் சொந்தக் கூட்டத்துப் பெண்களைத் தளம் எனக்குக் காட்டாது. வேறு கூட்டம் என்று பொய்யாக மாற்றினால் காட்டும். மாற்றக் கை வரவில்லை. என் அக்காவை எனக்கு வரனாகக் காட்டு என்று கேட்பது மாதிரி அது.

மோகனூர்க்காரர் அனுப்பிய படத்தில், தாளின் அடியில் பக்கத்தின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது. கடைசியில் ஒரு நீண்ட எண். அதன் கடைசி இரண்டு இலக்கம் இருந்த மூலை கிழிந்துபோயிருந்தது. பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆரம்பித்தேன். எண்ணை அடித்து என்டர் தட்டியதும் பட்டை சுருங்கிவிடும். ஏழெட்டுப் பக்கம் தாண்டியதும் எந்த எண்ணில் நிற்கிறேன் என்று குழம்பிப்போனது. ஒரே பெண்ணை மூன்று தரம் பார்த்தேன்.

அப்போதுதான் பிரவுசரின் மறைவான செட்டிங்குக்குள் போனேன். மெனுவில் அது இருக்காது. பட்டையிலேயே ஒரு சொல்லை அடிக்க வேண்டும். கவனமாக இருங்கள், இங்கே கை வைத்தால் பாதிப்பு வரலாம் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. ஏற்கிறேன் என்றேன். முடிவில்லாத பட்டியல். முகவரியைச் சுருக்கும் வரியைத் தேடிப் பிடித்து, ட்ரூ என்றிருந்ததை ஃபால்ஸ் ஆக்கினேன். பட்டையில் முழு முகவரியும் வந்து நின்றது. வேறு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு தடுமாற்றம் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முகம். சிலர் ஸ்டூடியோவில், சிலர் பெட்ரோல் பங்க் முன்னால் பைக்கோடு. இவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது. வந்த பிறகு ஒரு முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை, எண்ணை மட்டும் பார்த்தபடி போனேன். அறுபத்திரண்டில் யாருமில்லை. அறுபத்துமூன்றில் அக்கா இருந்தாள்.

நான் எடுத்த படந்தான். வெற்றிலைக் கொடிக்காலின் ஓரத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழவில்லை. படத்துக்குக் கீழே இருந்த வரியைத்தான் இரண்டு தரம் படித்தேன். வயது: 31.

பிறந்த தேதியை நான்தான் கொடுத்திருந்தேன். அதை வைத்துத் தளம் தானாக வருடா வருடம் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வயதுக்கு நேரே இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். இது என்ன என்றார். சொன்னேன்.

“அவளுக்கு எதுக்கு சாமி வயசாகோணும்,” என்றார். “எடுத்துரு.”

முகவரியை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் படிவம் வந்தது. நீக்கக் காரணம் என்ன என்று கேட்டு நான்கு விடை கொடுத்திருந்தார்கள்: திருமணம் முடிந்தது, நிச்சயமாகிவிட்டது, தற்போது விருப்பமில்லை, மற்றவை. எங்களுக்கானது அதில் இல்லை. மற்றவை என்பதை அழுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

“கல்யாணம் ஆச்சுன்னு போடு.”

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அம்மா கையை விடவில்லை. போட்டேன்.

மறுநாள் அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. தங்கள் மகளின் திருமணத்திற்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள், மணமக்கள் பல்லாண்டு வாழ்க என்று. இயந்திரம் அனுப்புகிற செய்தி. அம்மா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அழித்துவிடட்டுமா என்றதற்குப் போனை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு போன் வந்தது, ஏதோ பழைய பிரிண்டை வைத்திருந்தவர்கள். அம்மா ஸ்பீக்கரில் போட்டார், நான் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க என்று அம்மா தெளிவாகச் சொன்னார். அந்தப் பக்கத்துப் பெண்மணி விடவில்லை. யாராக இருந்தாலும் அடுத்துக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்: “அப்படீங்களா, சந்தோசமுங்க. எந்த ஊருக்குங்க குடுத்திருக்கீங்க?”

அம்மாவுக்கு ஒரு ஊர்ப் பெயரும் வரவில்லை. என்னைப் பார்த்தார். கரூர் என்றோ சேலம் என்றோ நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

“தூரமுங்க,” என்றார் அம்மா. “நாங்கதான் போகோணும்.”