ஹாரன் கேட்டால் நில்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். எதிரே ஆரம்பப் பள்ளிக்கூடம். என் மகள் அங்கே இரண்டாம் வகுப்பு படித்தாள். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் அந்த ரோடு. அதில் வண்டி ஓட்டிய ஒருத்தனையும் நான் நம்பியது கிடையாது.

மற்ற மாதங்களில் மாட்டுவண்டியும், வடகரையிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் லாரியும்தான் போகும். ஆனி மாதம் சாரல் விழுந்துவிட்டால் எங்கெங்கிருந்தோ காரும் ஸ்பெஷல் பஸ்ஸும் வந்து குவியும். அருவியை யாரோ மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல ஓட்டுவார்கள். ஒரு சீசனில் ஒரு பையனின் காலில் கார் ஏறியது. கார்க்காரன் நிற்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு போர்டு வந்தது: 'பள்ளிக்கூடம். ஹாரன் அடிக்கவும்.'

எழுத வந்த பெயிண்டரிடம் நான் சண்டைக்குப் போனேன்.

"மெதுவாப் போகவும்னு எழுதும்வே. ஹாரனை அடிச்சிட்டு அவன் பாட்டுக்குப் பறந்துருவாம்லா?"

"எங்கிட்ட எழுதிக் குடுத்தது இதான் அண்ணாச்சி."

எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பிள்ளை அடிபட்டால், "நான் ஹாரன் அடிச்சேன், அது ஒதுங்கலை" என்று சொல்லிவிட்டுப் போக வசதியான வாசகம் அது. ஏதோ ஒரு பஸ் முதலாளி சொல்லிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். இன்றைக்கும் அந்தச் சந்தேகம் எனக்குப் போகவில்லை.

பெரிய வாத்தியார் அந்த வாசகத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். கடை வாசலிலிருந்து பள்ளிக்கூட கேட் வரைக்கும் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பில் இரண்டு கோடு போட வைத்தார். பிள்ளைகள் அதற்குள்தான் நடக்க வேண்டும். தினமும் காலையில் பிரார்த்தனை முடிந்ததும் அவர் "ஹாரன் கேட்டால்?" என்பார். பிள்ளைகள் "நில்!" என்று கத்தும். "கேட்காவிட்டால்?" "கட!" என் மகள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே நான் அதைக் கேட்பேன்.

அந்த வருஷம் அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். எங்கள் தெருவில் பெண் பிள்ளை காலில் செருப்பு என்பது அப்போது சாதாரண விஷயமில்லை. பெரிய தெரு முக்கு வந்ததும் என் அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். என் பிள்ளைக்கு அது வரக்கூடாது.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தேன். சுண்ணாம்புக் கோட்டுப் பக்கம் போனாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ரோட்டைக் கடந்து, செருப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்குள் போனாள். சாயங்காலமும் அதே கதை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்: "புதுச் செருப்புல்லா, கடிச்சிருக்கும்வே."

"கடிச்சா நொண்டுவா. நொண்டலையே."

"உமக்கு எல்லாத்துலயும் ஒரு வில்லங்கம் வேணும்."

வீட்டில் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஏட்டி, செருப்பை யாரு கழத்தச் சொன்னா?"

"யாருமில்லப்பா."

"வாத்தியாரா? பெரிய தெருப் பிள்ளையளா?"

"இல்லப்பா."

எழுந்து அவள் பின்னால் நடந்துகொண்டே இன்னும் நாலு கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவள் முன்னால் போய் விரலை நீட்டிச் சொன்னேன்: "நாளையிலேருந்து செருப்பு காலை விட்டு இறங்கப்படாது. கழத்துனே, காலை ஒடிச்சிருவேன்."

மறுநாள் காலையில் அவளைக் கையைப் பிடித்து நானே கொண்டுபோய் விட்டேன். அப்படியே பெரிய வாத்தியார் அறைக்குப் போனேன். கையில் ஸ்பேனர் இருந்ததை அவர் சொல்லித்தான் கவனித்தேன்.

"அதை மொதல்ல கீழ வையும்வே."

"எம் பிள்ளைய எவன் செருப்பைக் கழத்தச் சொன்னான் சார்?"

"இந்தப் பள்ளிக்கூடத்துல அப்படி ஒரு சட்டம் கிடையாது."

"அந்த மாதிரிச் சட்டத்தை எவன் சார் எழுதி ஒட்டுதான்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கு யாரு மேலதான் நம்பிக்கை உண்டு?"

"ஒருத்தன் மேலயும் கிடையாது."

"சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும்போது நான் கேட்டுல நிக்கேன். நீரு உம்ம கடையில நில்லும். யாரு என்ன சொல்லுதாங்கன்னு பாத்துருவோம்."

அதற்குள் ஆளுக்கு ஆள் சொல்லி வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அதனால் கடையில் நிற்காமல், வெள்ளைப் பட்டை அடித்த புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடு கரைந்து பால் சிந்தின மாதிரி கிடந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் கேட்டுக்கு வந்தன. குற்றாலத்திலிருந்து ஒரு ஸ்பெஷல் பஸ் வந்தது. டிரைவர் ரப்பர் ஹாரனை 'பூம் பூம்' என்று அமுக்கினான். வேகத்தைக் குறைக்கவில்லை. பிள்ளைகள் அத்தனையும் நின்றுவிட்டன. என் மகள் மட்டும் நிற்கவில்லை. காலில் செருப்போடு, நான் சொன்னபடியே, தலையைக் குனிந்துகொண்டு ரோட்டில் இறங்கினாள்.

நான் கத்தினேன். அவள் திரும்பவில்லை. பெரிய வாத்தியார் எட்டி அவள் ரெட்டைச் சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். பஸ் அவர்கள் காலை ஒட்டிப் போனது. கண்டக்டர் தலையை நீட்டி, "ஹாரன் அடிச்சது காதுல விழலையாலே?" என்று திட்டிக்கொண்டே போனான்.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். அறைய ஓங்கின கையாலேயே அவள் முகத்துச் சேற்றைத் துடைத்தேன். "ஏன்டி நிக்கல?"

அவள் என் வாயையே பார்த்தாள். "செருப்புப் போட்டா ரோடு அதிருதது தெரியலப்பா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வாத்தியாருக்கு விளங்கிவிட்டது. வேட்டியில் சேறோடு எழுந்து, சத்தமில்லாமல் அவள் பின்னால் போய் நின்று இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். மற்ற பிள்ளைகள் திடுக்கிட்டன. இவள் திரும்பவில்லை.

"காலையில இவதானே உரக்கக் கத்துதா..." என்று இழுத்தார். பக்கத்துப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். வெறுங்காலோடு நின்றால் பஸ் வருவது பாதத்தில் தெரிந்திருக்கிறது. ஹாரன் கேட்காவிட்டால் கட என்றார்கள். அவளுக்கு எந்த ஹாரனும் கேட்டதில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். தெரியாது என்றாள். பெற்றவன் எனக்கே தெரியவில்லை. பஸ் முதலாளி வரைக்கும் சந்தேகப்பட்டவன், அவள் காதைச் சந்தேகப்படவில்லை.

மறுநாள் பட்டப்பகலில், சைக்கிளுக்கு நம்பர் எழுதும் கறுப்புப் பெயிண்டை எடுத்துப் போய், போர்டில் 'ஹாரன் அடிக்கவும்' என்பதை அடித்துவிட்டு 'நின்று போகவும்' என்று எழுதினேன். போலீஸ்காரர் வந்து யார் எழுதியது என்று அதட்டினார். பெரிய வாத்தியார் கேட்டுக்குள்ளிருந்தே, "நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார். எனக்காக ஏன் அப்படிச் சொன்னார் என்று ஒரு வாரம் யோசித்தேன். ஏதாவது காரணம் இருக்கும். காலைக் கூச்சலையும் அவர் அன்றோடு நிறுத்திவிட்டார்.

பஸ்கள் நின்றனவா என்றால், சிலது நின்றது, பலது நிற்கவில்லை. அதனால் பள்ளிக்கூடம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் நான் கடையை அப்படியே விட்டுவிட்டு நடு ரோட்டில் சிவப்புத் துணியோடு நிற்க ஆரம்பித்தேன். மகளிடம், "செருப்பைக் கழத்திக்கோ" என்று நானே சொன்னேன்.

ஐந்தாம் வகுப்பு முடியும் வரைக்கும் அவள் அப்படித்தான் கடந்தாள். செருப்பு கையில், தலை குனிந்தபடி. எதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேனோ அதைத் தினமும் இரண்டு வேளை பார்த்தேன்.

ஒருநாள் பெரிய தெருக்காரர் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர், அவள் போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லையே. பிள்ளைய மரியாதை சொல்லிக் குடுத்துத்தான் வளக்கீரு."

"உமக்காக ஒண்ணும் கழத்தல. ரோட்டைக் கேக்குதா" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. குற்றாலம் பக்கமிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.